எட்டு காட்டாத மீட்டர்

மதுரையில் வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பாட்டுக் கேட்கிற பைத்தியங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அங்கே தலைவர் வைரவநாதன் வைத்ததுதான் சட்டம். மின் அளவுகளைப் பார்க்க எந்த மல்டிமீட்டர் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், தன்னுடைய வெளிநாட்டு மீட்டரைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்பார்.

ஆண்டுவிழாவுக்கு மாவுக்கடை தில்லைநாயகி, தான் கட்டிய ஆம்ப்ளிஃபயரோடும் சின்ன மஞ்சள் மீட்டரோடும் வந்தாள். தலைவர் அந்த மீட்டரை வாங்கி ஒரு ஸ்பீக்கரில் வைத்தார். ஸ்பீக்கரின் முதுகில் மின்தடை எட்டு ஓம் என்று அச்சடித்திருந்தது. மீட்டர் ஆறரை காட்டியது.

"பொய் சொல்ற மீட்டரை வச்சுக் கட்டினது மேடை ஏறாது. முதல்ல இதை எட்டு காட்ட வைம்மா!"

அந்த எட்டு, ஸ்பீக்கர் பாடும்போது உள்ள கணக்கு. சும்மா கிடக்கும்போது எந்த மீட்டரும் குறைத்துத்தான் காட்டும். ஆனால் தலைவரிடம் யார் வாதாடுவது?

"சரிங்க சார். உங்க மீட்டர் எப்படி எட்டு காட்டுதுன்னு ஒரு தடவை காட்டுங்க. பார்த்து இதுவும் கத்துக்கட்டும்."

தலைவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. வெல்வெட் பெட்டியைத் திறந்து தன் மீட்டரை எடுத்து அதே ஸ்பீக்கரில் வைத்தார். ஆறரை. ஒயரை மாற்றினார், தட்டினார், ஊதினார். அது ஆறரையை விட்டு அசையவில்லை.

தில்லைநாயகி குனிந்து பார்த்தாள். கடையில் வாங்கியபோது அவர் மீட்டரின் திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் உரிக்கப்படாமல் இருந்தது.

"இதை உரிச்சுட்டுப் பாருங்க சார். அடியில எட்டு இருந்தாலும் இருக்கும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தலைவரும் சிரிப்பை அடக்க முடியாமல் தாளை உரித்தார்.

"அடியிலயும் ஆறரைதாம்மா. போ, உன் ஆம்ப்ளிஃபயரைப் பாட விடு!"