வாசலில் போட்ட முக்காலி

"அம்மா, நம்ம நாடு கிறிஸ்தவ நாடா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

கேட்டவர் ஞானதிரவியம். பதில் சொல்ல வேண்டியவர் தெபோராள் அம்மா, அடைக்கலம் என்கிற அந்தத் தீவின் ஜெபவீட்டை நடத்துபவர். அவரைவிட ஞானதிரவியத்துக்குத்தான் வயது அதிகம். ஆனாலும் மனசில் ஏதாவது உறுத்தினால் இங்கேதான் வந்து நிற்பார்.

தெபோராள் அம்மா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. ஒரே வார்த்தையா? அவ்வளவு அவசரமா?"

"திங்கக்கிழமை கை தூக்கணும்லா."

அடைக்கலம் சின்ன நாடு. பொழுது சாய்வதற்குள் நடந்தே ஒரு சுற்று சுற்றிவிடலாம். நாடு சின்னது என்பதற்காகச் சண்டையும் சின்னதாக இருக்க வேண்டுமா என்ன?

சட்டத்தின் முதல் வரி இப்படி இருந்தது: இங்கே எவரும் தன் மனசுக்குப் பட்டபடி கும்பிடலாம், கும்பிடாமலும் இருக்கலாம்.

அதற்கு முன்னால் 'இது கிறிஸ்தவ நாடு' என்று சேர்க்க வேண்டும் என்று மன்றத்தில் பாதிப் பேர் நின்றார்கள். கூடாது என்று மீதிப் பேர். மன்றத்தில் மிச்சம் ஞானதிரவியம் ஒருவர்தான்; அவர் கை எந்தப் பக்கம் உயருமோ அந்தப் பக்கம் ஜெயிக்கும்.

"நீங்க என்ன நினைக்கீங்க?" என்று கேட்டார் அம்மா.

"இதுல நினைக்க என்ன இருக்கு? படகு ஏறி வந்த நம்ம முன்னோர் எல்லாரும் ஏசுவ நம்பின வேதக்காரங்க. ஒருத்தர் பாக்கியில்லை. அவங்க கட்டின நாடு வேறென்னவா இருக்கும்?"

"அவங்க ஏன் படகு ஏறினாங்க?"

"ராஜா விரட்டினான்."

"அவன் என்ன வேதம்?"

ஞானதிரவியம் தோள் துண்டைச் சரிசெய்தார்.

"அவனும் வேதக்காரன்தான். ஆனா, அவன் ஜெபிச்ச முறை தப்பு."

"அவனும் நம்மளப் பத்தி அதையேதான் சொன்னான்."

ஞானதிரவியம் கோபக்காரர். கோபம் வந்தால் வசனம் சொல்வார். வசனம் தீர்ந்தால் மறுபடி கோபம் வரும். இரண்டு சுற்று ஆகும்வரை அம்மா மீனைக் கழுவினார்.

கடைசியில் ஞானதிரவியம் குரலை இறக்கிக் கேட்டார். "சரி, ஒண்ணு சொல்லுங்க. யாரையும் வற்புறுத்தக் கூடாதுன்னு அவங்களுக்கு எப்படித் தோணுச்சு? ஏசுவ நம்பினதாலதானே? அப்போ அந்த வரியே அவர் குடுத்ததுதானே?"

அம்மா மீனைக் கீழே வைத்தார்.

"இது நல்ல கேள்வி அண்ணாச்சி. நானும் அப்படித்தான் நம்புதேன்."

"பின்னே எழுதினா என்ன?"

"எழுதாம இருந்தா உங்களுக்கு என்ன குறை?"

ஞானதிரவியம் தரையைப் பார்த்தார். பேச்சு இப்போதுதான் விஷயத்துக்கு வந்தது.

"ரூபவதி ஆராதனைக்கு நடுவுல எழுந்து போயிருதா."

ரூபவதி அவருடைய ஒரே மகள். தாய் இல்லாத பிள்ளை. இடுப்பில் தூக்கிவைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். அவள் போகிற வழி தெரியாமல் அவருக்குப் பல நாளாகத் தூக்கமில்லை.

"எழுந்து போறது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா.

அந்தக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. அடைக்கலத்து ஜெபவீட்டுக்கு வாசல் உண்டு, கதவு கிடையாது. எல்லாரும் வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார்கள். ஜெபம் நடத்துபவரும் அதே பக்கம் சுவரைப் பார்த்து நிற்பார். நடுவில் யார் வந்தார், யார் போனார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. படகில் வந்தவர்கள் வைத்த வழக்கம் அது. அதை மீறியதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"திரும்பிப் பார்த்தேன்" என்றார் ஞானதிரவியம்.

"எங்க போறான்னு கேட்டீங்களா?"

"கேக்கல."

மகளிடம் ஒரு வார்த்தை கேட்பதைவிட நாட்டையே மாற்றுவது அவருக்குச் சுலபமாகப் பட்டது. தகப்பன்மார் அப்படித்தான்.

"சட்டத்துல வந்துட்டா உக்காருவா அம்மா. உக்காந்தா கேப்பா. கேட்டா மனசு திரும்பும்."

தெபோராள் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார்.

"நாளைக்கு ஞாயிறு. இத வாசல்ல போட்டு, உள்பக்கம் பார்த்து உக்காருங்க."

"நானா? எதுக்கு?"

"கிறிஸ்தவ நாடுன்னு எழுதிட்டா, யார் கிறிஸ்தவங்கன்னு யாராவது பார்த்துக்கிடணும்லா? திங்கக்கிழமைக்கு மேல அந்த வேலை யாருக்கோ வரப்போகுது. ஒரு நாள் நீங்க பாருங்க."

"யாரையும் தடுக்கணுமா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருங்க."

மறுநாள் ஞானதிரவியம் வெள்ளை வேட்டி கட்டி வாசலில் உட்கார்ந்தார்.

வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். எதுவும் கேட்கவில்லை. முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். ஆனால் முதுகுகள் வழக்கம்போல இல்லை. எல்லாம் நிமிர்ந்து இருந்தன.

பாட்டு தொடங்கியது. அன்றைக்குப் பாட்டுச் சத்தம் பலமாக இருந்தது. ஞானதிரவியத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படகு கட்டும் மீரான் வந்தான். அவன் தொழுகை வேறு. ஆனாலும் ஞாயிறுதோறும் வந்து கடைசியில் நின்று ஒரு பாட்டு கேட்டுவிட்டுப் போவான். அவன் அப்படி வருவது இதுவரை யாருக்கும் தெரியாது. முக்காலியைப் பார்த்ததும் நின்றான்.

"இன்னைக்கு ஏதோ விசேஷம் போல" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் போனான்.

நடுவில் ஒரு கைக்குழந்தை அழுதது. தாய் எழுந்தாள், வாசலைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது.

ரூபவதி எழுந்திருக்கவேயில்லை. மண்டியிடும்போது மண்டியிட்டாள். ஆமென் சொல்லும்போது ஆமென் சொன்னாள். ஞானதிரவியத்தின் கண் கலங்கியது. 'கர்த்தாவே, என் பிள்ளையைத் திருப்பித் தந்தீர்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். நாளைக்குத் தூக்க வேண்டிய கை இப்போதே துறுதுறுத்தது.

ஆராதனை முடிந்தது.

ஞாயிறு என்றால் சிரிப்பும் சத்தமுமாகத்தான் வெளியே வருவார்கள். அன்றைக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் அவர் முன்னால் லேசாகத் தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார்கள்.

எலியேசர் மட்டும் நின்றார். சின்ன வயதிலிருந்து ஞானதிரவியத்தோடு வலை இழுத்தவர். வாடா போடா என்று பேசுகிறவர்.

"நான் கடைசி வரைக்கும் இருந்தேன். பார்த்தீங்கள்லா அண்ணாச்சி?"

"என்னடா இது, புதுசா அண்ணாச்சின்னு சொல்லுத?" என்று ஞானதிரவியம் கேட்க வாயெடுப்பதற்குள் எலியேசர் போய்விட்டார்.

கடைசியாக ரூபவதி வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு, ஒரு எட்டு தள்ளியே நின்றாள்.

"அப்பா, நான் போகலாமா?"

இத்தனை மரியாதையாக அவள் ஒருநாளும் அவரிடம் பேசியதில்லை.

"என்னம்மா இது? என்கிட்ட எதுக்குக் கேக்க?"

"வாசல்ல நீங்கதானே உக்காந்திருக்கீங்க."