ஆறு பேருக்குப் பாகு

திருப்பூருக்குப் பனியன் வாங்க வரும் நைஜீரியா வியாபாரிகளுக்கென்றே ஒரு ஓட்டல். அதன் அடுப்படிக்கு மாஸ்டர் இஃபியோமா. லாகோஸில் பிறந்தவள், இங்கே வந்து, மரியாதை குறையாமல் கொங்குத் தமிழில் திட்டப் பழகியவள். அவளிடம் தொழில் கற்க வந்தவன் ராசப்பன். அவளைவிட மூத்தவன்தான். வேலை பார்த்த சாயப்பட்டறையை இழுத்து மூடியதும் வேறு போக்கிடம் இல்லை.

அன்று முதன்முறையாகக் கறியை அவன் பொறுப்பில் விட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க வைக்கிற வெண்பன்றிக் கறி. நிலக்கடலைப் பொடி, சுக்கு, மிளகாய் பிரட்டிச் சுட்டு, மேலே கார வெல்லப் பாகு மினுமினுக்க ஊற்ற வேண்டும்.

வெளியே ஐந்து பேரோடு காத்திருந்தவர் ஒக்கோரி. பெரிய வியாபாரி, பொல்லாத நாக்கு. போன மாதம் இதே தட்டைத் திருப்பி அனுப்பினார். சமைத்தவன் அன்றைக்கே பெட்டியைத் தூக்கினான்.

ராசப்பன் பாகை நக்கிப் பார்த்தான். காரம் தூக்கலோ? வெல்லம் போட்டான். திகட்டிவிடுமோ? மிளகாயை அள்ளிப் போட்டான். அய்யோ, எரியுமே! மறுபடி வெல்லம், தண்ணீர். கரண்டி சட்டி விளிம்பில் கடகடவென்று அடித்தது.

"மாஸ்டர், நீங்களே முடிச்சுக் குடுத்துருங்க. எனக்குத் தைரியமே இல்லீங்க."

"ஏனுங்ணா நடுங்கறீங்க? செத்த பன்னி கடிக்கவா போகுது?"

"பன்னி கடிக்காதுங்க. அவரு கடிப்பாரே!"

இஃபியோமா சிரிக்கவில்லை. சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"கறி எத்தனை பேருக்கு?"

"ஆறு பேருக்குங்க."

"பாகு?"

அப்போதுதான் அவன் குனிந்து பார்த்தான். பாகு விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு கல்யாணப் பந்திக்கே போதும்.

"மிச்சப் பேரெல்லாம் எங்கீங்ணா?"

"யாரும் வரலீங்க மாஸ்டர்."

அவள் ஒரே ஒரு கரண்டி மொண்டு கறிமேல் ஊற்றினாள். சட்டியை மூடினாள். தட்டைத் தூக்கி அவன் கையில் வைத்தாள்.

"நீங்க ருசி பார்க்கவே இல்லீங்களே!"

"அதத்தான இத்தன நேரம் நீங்க பாத்துட்டு இருந்தீங்க."

கதவுக்கு அந்தப்பக்கம் ஒக்கோரி மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. ராசப்பனின் கால் நகரவில்லை.

"மாஸ்டர்... தட்டு திரும்பி வந்துட்டா?"

"மொதல்ல போகட்டுங்ணா."