கிக்கர் இல்லாத ராஜ்தூத்

குன்னூர் எஸ்டேட்காரர் சுந்தரேசனுக்குப் பழைய பைக் என்றால் உயிர் என்று ஊரே சொல்லும். பொய். பீற்றிக்கொள்வதுதான் அவருக்கு உயிர். ஞாயிறானால் முற்றத்தில் ராஜ்தூத்தை நிறுத்தி, விருந்தாளிகளுக்கு முறுக்கிக் காட்டுவார்.

அது அவர் வீட்டுச் சமையல்காரி பிலோமினாவின் செத்துப்போன புருஷன் லூர்து மலைரோட்டில் ரேஸ் ஓட்டிய வண்டி.

"எனக்கே குடுத்திடுங்கய்யா" என்று ஒரு ஞாயிறு விருந்தாளிகள் முன்னால் அவள் கேட்டதும், சுந்தரேசன் வண்டியை உதைத்துக் கிளப்பும் கிக்கரைக் கழற்றி ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார்.

"சாவி வண்டியிலயே இருக்கு. ஸ்டார்ட் பண்ணிட்டா உனக்குத்தான். இத்தனை பேரும் சாட்சி!"

எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினா முகத்தைத் தொங்கப்போட்டாள்.

"கேட்டு வரைக்கும் ஒருவாட்டி தள்ளிட்டாவது போகட்டுமாய்யா?"

"தாராளமா!"

கேட்டு வரைக்கும் ஒரே இறக்கம். ஓடித் தள்ளினாள், தாவி ஏறினாள், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டாள். வண்டி உறுமியது.

"ஏய், கிக்கர் என்கிட்டல்ல இருக்கு!"

"நீங்களே வச்சுக்குங்கய்யா! ரேஸ்ல தள்ளித்தான் கிளப்புவாங்க. அவருக்குத் தள்ளிவிட்டதே நான்தான்!"

ஓட்டக் கற்றுக்கொடுத்த நாளில் லூர்து பின்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அவருக்கு இடம் விட்டு, முன்னால் நகர்ந்தே உட்கார்ந்து போனாள்.