கிணற்றில் கொட்டச் சொன்ன மருந்து

"டீச்சர், இந்த மருந்தைக் கிணத்துல கொட்டிடுங்க" என்றார் மாதையன்.

தகர டப்பாவை மேசைமேல் வைத்தார். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து, நெல்லு மூட்டையை இறக்கினவர் மாதிரி ஒரு மூச்சு விட்டார்.

டப்பாவில் இருந்தது கரிமருந்து. பழைய காலத்துத் துப்பாக்கிக்குப் போடுகிற வெடிமருந்து. குழலின் வாய் வழியாக முதலில் மருந்தைக் கொட்ட வேண்டும். அதன்மேல் ஈயக் குண்டை வைத்துக் கோலால் இடிக்க வேண்டும். அடிப்பக்கம் மருந்துக்குப் பொறி கொடுக்கிற ஒரு சின்னச் செப்புக் கேப்பு மாட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை சுட இத்தனை பாடு. இந்தக் காலத்தில் யாருக்கய்யா இந்தத் தலையெழுத்து என்று கேட்பீர்கள். சேலத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கிளப்பில் பதினாலு பேருக்கு இருந்தது.

குணவதி டீச்சர் அந்தக் கிளப்பின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மாதையனைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஆனாலும் சுடுகிற மைதானத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

டீச்சர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். மேலே பென்சிலில் 'பெரிய மணி' என்று மருந்தின் பருமனை எழுதியிருந்தது.

"இது உங்க தம்பி கையெழுத்தாச்சே?"

"ஆமா. அவன் வாங்கி வச்ச கடைசி டப்பா. இதுதான் என் தோளை உடைச்சது."

தம்பி சித்தையன் செத்து நாலு வருஷம். துப்பாக்கி அவனுடையது. அவன் எண்ணெய் போட்டு, துடைத்து, குழந்தை மாதிரி வைத்திருந்தது. அவன் போனபிறகு மாதையன் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒருநாள் சுட்டபோது அது பின்னால் உதைத்த உதையில் தோள் எலும்பு உடைந்துபோனது. எலும்பு ஒட்டிவிட்டது. அதற்கப்புறம் ஒரு குண்டும் குறியில் படவில்லை.

"எத்தனை மருந்து மாத்திட்டீங்க?"

"நாலு. கடுகு சைசு, ரவை சைசு, ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு. இன்னொண்ணு வெளியூர்ல இருந்து வரவழைச்சேன். அளவைக் கூட்டிப் பார்த்தேன், குறைச்சுப் பார்த்தேன். ஈரமா இருக்குமோன்னு முறத்துல கொட்டி வெயில்ல காயவச்சேன். அப்பளம் காயுற முறம். வீட்டுக்காரி என்னை வீட்டை விட்டே துரத்தப் பார்த்தா."

டீச்சர் சிரிக்கவில்லை. மாதையனும் சிரிக்கவில்லை.

"டீச்சர், எனக்கு அலுத்துப் போச்சு. இன்னைக்குத்தான் கடைசி. அஞ்சு குண்டுல மூணு கறுப்பு வட்டத்துல படணும். படலேன்னா நீங்க கையெழுத்துப் போட மாட்டீங்க. கையெழுத்து இல்லேன்னா லைசென்சு போச்சு. துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். தம்பின்னு சொல்லிக்க எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்."

"தெரியும்ணே."

"அப்ப சொல்லுங்க. எந்த மருந்து போடட்டும்?"

டீச்சர் எழுந்தார். மேசைமேல் இருந்ததோடு சேர்த்து, மாதையன் கொண்டுவந்த பையில் இருந்த நாலு டப்பாவையும் எடுத்துக்கொண்டார். துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்.

"நான் மருந்து போட்டு இடிச்சுத் தர்றேன். சுடுறது மட்டும் உங்க வேலை. எந்த மருந்துன்னு கேட்கக் கூடாது."

மைதான ஓரத்துக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்.

மாதையன் தோளில் வைத்தார். எதிரே மண்மேடு, அதில் பலகை, பலகையில் கறுப்பு வட்டம். மூச்சை அடக்கி விசையை அழுத்தினார்.

டப்.

கேப்பு மட்டும்தான் வெடித்தது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

"அசையாதீங்க! எண்ணுங்க" என்றார் டீச்சர்.

அது அந்த மைதானத்துக் கட்டளை. வெடிக்காத துப்பாக்கியை நம்பக் கூடாது. உள்ளே நெருப்பு தூங்கிக்கொண்டிருக்கலாம், தாமதமாக வெடிக்கலாம். அதனால் துப்பாக்கி எப்படி நின்றதோ அப்படியே பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அறுபது எண்ண வேண்டும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

எண்ணிக்கொண்டே மாதையன் குழல் நுனியைப் பார்த்தார். அது வட்டத்தைப் பார்க்கவில்லை. பலகையைக்கூடப் பார்க்கவில்லை. மண்மேட்டின் அடியில் இருந்த புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது.



அறுபது முடிந்ததும் டீச்சர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனார். வந்தார். கொடுத்தார்.

டப்.

"எண்ணுங்க."

மறுபடியும் புல்.

மூன்றாவது தடவையும் டப். இருபதாவது எண்ணில் மாதையன் எண்ணுவதை நிறுத்தினார்.

"மருந்து போட்டீங்களா இல்லையா டீச்சர்?"

"கேட்கக் கூடாதுன்னேன். இருபத்தொண்ணு."

"இருபத்தொண்ணு..."

தோள் காதுவரை ஏறியிருந்தது. உதை வருவதற்கு முன்பே உதைக்குக் குனிந்திருந்தது. கிழட்டுப் பயலே, வெறும் குழலுக்கா இந்தப் பயம் என்று தன்னையே திட்டிக்கொண்டார். வெட்கமாக இருந்தது. டீச்சர் பக்கத்தில்தான் நின்றார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

"நாப்பது, நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு." நிறுத்தினார். "டீச்சர், தோள் உடைஞ்ச அன்னைக்கு ரெண்டு அளவு போட்டேன்."

டீச்சர் அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"மருந்து போட்டுட்டு யாரோ கூப்பிட்டாங்கன்னு திரும்பிப் பேசினேன். போட்டதை மறந்து இன்னொரு அளவு போட்டேன். மருந்து மேல தப்பு இல்லை. எல்லார்கிட்டயும் அவன் வாங்கின மருந்து கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன். செத்தவன் மேல பழி போட்டுட்டேன் டீச்சர்."

கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கை இல்லை, துப்பாக்கியை அசைக்கக் கூடாது.

"நாப்பத்திமூணு" என்றார் டீச்சர்.

"நாப்பத்திமூணு" என்றார் மாதையன்.

வெயில் சாய்ந்தது. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் அறுபது. கை கனத்தது. எட்டாவது தடவை குழல் நுனி புல்லை விட்டுப் பலகைக்கு ஏறியிருந்தது. அதை அவர் கவனிக்கக்கூட இல்லை.

"முடியலை டீச்சர். நின்னு நின்னு செத்துட்டேன்."

"இன்னும் கொஞ்சம்."

"பயப்படக்கூடத் தெம்பில்லை."

"சுடுங்கண்ணே."

விசையை அழுத்தினார். டமார் என்று மலை திரும்பக் கத்தியது. வெள்ளைப் புகை கிளம்பிப் பலகையையே மூடிவிட்டது. அழுகின முட்டை நாற்றம். தோளில் ஒரு தள்ளு, அவ்வளவுதான். பஸ்ஸில் பக்கத்து ஆள் இடித்த மாதிரி.

அவர் பலகையைப் பார்க்கப் போகவில்லை. துப்பாக்கியை நீட்டினார். டீச்சர் ஈரத்துணியைக் கோலில் சுற்றிக் குழலின் கரியைத் துடைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் போனார்.

டப். அறுபது. டமார். டமார். டப். அறுபது. டமார். டமார். எது வரும் என்று நினைப்பதையே மாதையன் விட்டுவிட்டார். வந்ததை வாங்கிக்கொண்டார்.

ஐந்தாவது டமாருக்கு அப்புறம் டீச்சர் போதும் என்றார்.

புகை கலையும்வரை இரண்டு பேரும் நின்றார்கள். அப்புறம் பலகைவரை நடந்தார்கள். கறுப்புக்குள் நாலு ஓட்டை. ஒன்று மட்டும் ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே.

மாதையன் நாலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வாய் கோணியது. பெரிய மனுஷன் அழுகிறானே என்று டீச்சர் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வந்து, டீச்சர் தாளில் கையெழுத்துப் போட்டார். மாதையன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்தார்.

"டீச்சர், இனிமே கேட்கலாமில்ல? எந்த மருந்து போட்டீங்க?"

டீச்சர் சுவருக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி ஒரு டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தார். மூடி திறந்திருந்தது. மேலே சித்தையனின் பென்சில் எழுத்து.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குண்ணே" என்றார். "கிணத்துல கொட்டிடட்டுமா?"