மயிலிறகுப் பொன்னாடை

காடெங்கும் இருமல் நோய் பரவியது. மானும் இருமியது, யானையும் இருமியது. எல்லோருக்கும் மூலிகை அரைத்துப் புகட்ட வைத்தியர் கீரியும் அதற்கு உதவியாக ஒரு முயலும்தான் இருந்தன.

கீரி சிங்க ராஜாவிடம் ஓடியது.

"அரசே! நோயாளிகள் எங்கள் முகத்திலேயே இருமுகிறார்கள். மூக்கையும் வாயையும் மூடிக் கட்ட உங்கள் குளத்துத் தாமரை இலை கொஞ்சம் வேண்டும்!"

சிங்கம் நெகிழ்ந்துபோனது. "ஆஹா, என்ன தியாகம்! இவருக்கு உடனே பாராட்டு விழா நடத்துங்கள்!"

"விழா வேண்டாம் அரசே, இலைதான்..."

"அடக்கத்தைப் பாருங்கள்!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது மந்திரி நரி.

மறுநாள் முயல் இருமத் தொடங்கியது. கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று கீரி தானே குளத்துக்கு ஓடியது. அங்கே ஓர் இலைகூட இல்லை! கரையில் மந்திரி நரி மட்டும் நின்றிருந்தது.

"இலையெல்லாம் எங்கே?"

"உங்கள் விழாவுக்குத்தான்! பாதி பந்தல் அலங்காரத்துக்கு, பாதி விருந்து பரிமாற!" என்றது நரி பெருமையாக.

விழா அமர்க்களமாக நடந்தது. சிங்கம் மயிலிறகில் தைத்த பொன்னாடையைக் கீரிக்குப் போர்த்திவிட்டு, அதன் முகத்துக்கு நேராக இருமியது. கரடி மாலை போட்டு இருமியது. யானை கட்டிப்பிடித்து இருமியது. நரி வாழ்த்துரை வாசித்தது. நடுநடுவே இருமல் வந்ததால் உரை கொஞ்சம் நீண்டுவிட்டது.

கீரிக்கு ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று கூட்டம் கைதட்டியது.

சில நாட்களில் சிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. தள்ளாடிக்கொண்டே வைத்தியசாலைக்கு வந்தது.

"வைத்தியரே! சீக்கிரம் மருந்து!"

பாயில் கிடந்த கீரி மெல்லத் தலையைத் தூக்கியது. பக்கத்துப் பாயில் முயல் கண்மூடிக் கிடந்தது.

"மூலிகை அதோ இருக்கிறது, அரசே. அரைக்கத்தான் ஆளில்லை."

"ஐயோ! இப்போது நான் என்ன செய்வேன்?"

"முயலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, படுத்துக்கொள்ளுங்கள்" என்றது கீரி. தன்மேல் கிடந்த பொன்னாடையை உருவிச் சிங்கத்தின் பக்கம் தள்ளியது. "இதையும் போர்த்திக்கொள்ளுங்கள். நோய்க்கு உதவாது. குளிருக்கு நன்றாக இருக்கிறது."

நம் உயிரைக் காப்பவர்களுக்கு மாலை போடுவதற்கு முன், அவர்கள் உயிருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும்.