தண்ணீர் விழுங்கிய கன்னி உப்பு

கடல் இன்னும் இரண்டு காதம் தள்ளிப் படுத்திருந்த காலத்தில், கழிமுக நாட்டை அலைவாய்க்கோன் என்றொரு அரசன் ஆண்டான். பொசுக்கென்று கோபம் வரும். அதே வேகத்தில் சிரிப்பும் வரும்.

ஆண்டின் முதல் உப்புக்கு அங்கே கன்னி உப்பு என்று பெயர். அரசன் அதை நாக்கில் வைத்த பிறகுதான் மற்றவர்கள் புது உப்பைத் தொடலாம். வரும் வழியில் அது மண்ணில் படவும் கூடாது.

அந்த வருஷம் மூட்டையைச் சுமந்து வந்தவள் உப்பளத்துப் பொன்னாச்சி. கழுத்து இற்றுப்போக, மண்ணில் வைக்கப் பயந்து, அரண்மனை வாசல் தண்ணீர் அண்டாவை மூடியிருந்த பலகைமேல் இறக்கிவிட்டுக் கண்ணயர்ந்தாள். பலகை சரிந்து மூட்டை உள்ளே விழுந்தது. அவள் விழித்தபோது கையில் கிடைத்தது ஈரச் சாக்குதான். அதன் மூலையில் நாலு கல் உப்பு.

நாகபூடணர் என்ற அவைப் பெரியவர் தம் மைத்துனனுக்காக உப்பளத்தின்மேல் கண் வைத்திருந்தவர். பொன்னாச்சி அவைக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் துள்ளி எழுந்தார்.

"அரசே, அண்டாவில் வெறும் தண்ணீர்! உப்பை வழியிலேயே விற்றுத் தின்றுவிட்டாள். இவள் ஊரிடமிருந்து உப்பளத்தைப் பிடுங்குங்கள்!"

"நக்கிப் பாருங்க சாமி, தெரியும்," என்றாள் பொன்னாச்சி.

"நம் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். யாரை ஏய்க்கிறாய்?"

"அப்படியானால் பிடுங்கிவிட வேண்டியதுதான்!" என்று அரசன் உறுமினான்.

நாற்பது வீட்டு அடுப்பு அந்த உப்பளத்தை நம்பி எரிந்தது. பொன்னாச்சி கையிலிருந்த நாலு கல்லையே பார்த்தாள். மூட்டை உப்பும் கரைந்துவிட்டதே, இது மட்டும் ஏன் கரையவில்லை?

சட்டென்று நிமிர்ந்தாள். "மகாராசா, ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர், ஒரு செம்பில் அண்டாத் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு பிடி பழைய உப்புப் போடச் சொல்லுங்க."

போட்டுக் கலக்கினார்கள். கிணற்றுத் தண்ணீரில் உப்பு இருந்த இடம் தெரியவில்லை. அண்டாத் தண்ணீரிலோ அப்படியே அடியில் கிடந்தது.

"பசித்த தண்ணீர் தின்னுடுச்சு. இது ஏற்கெனவே மூட்டை உப்பைத் தின்னு வயிறு முட்டிக் கிடக்குது. இதுக்குமேலே ஒரு பருக்கை இறங்குமா, சாமி?"

அரசன் தொடையில் தட்டிச் சிரித்தான். "தின்றதைக் கக்குமா?"

"வெயிலில் வைத்தால் கக்கும்."

அகலத் தட்டுகளில் ஊற்றி முற்றத்தில் வைத்தார்கள். காக்கை ஓட்டும் வேலை நாகபூடணருக்கு. மூன்று நாள் உச்சி வெயிலில் குடையில்லாமல் நின்றார்.

நாலாம் நாள் தட்டெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்பு. நாக்கில் வைத்த அரசன், உப்பளம் என்றைக்கும் பொன்னாச்சி ஊருக்கே என்று பட்டயம் எழுதிக் கொடுத்தான். நிறுத்துப் பார்த்தால், கொண்டுவந்ததைவிட ஒரு பிடி கூடுதல்.

"மகாராசா, அந்த ஒரு பிடி எங்களது இல்லை," என்றாள் பொன்னாச்சி. "பெரியவர் குனிந்து குனிந்து காக்கை ஓட்டினாரே, அவர் வேர்வையில் விளைந்தது. அவர் மைத்துனருக்கே கொடுத்துடுங்க!"