மேற்கோளும் கட்டைவிரலும்

மாணிக்கக்கோட்டை ராஜா முத்துவீரருக்குச் சென்னையிலிருந்து ஒரு வண்டி நிறைய அச்சுப் புத்தகங்கள் வந்து இறங்கின. அன்றிலிருந்து அரண்மனையில் யாரும் நிம்மதியாக வாய் திறக்க முடியவில்லை.

"யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் வேண்டும். எழுதியவர் யார், நூல் எது, எந்த அச்சுக்கூடம், எத்தனையாம் பக்கம்?" என்று உத்தரவு போட்டுவிட்டார். மழை வரும்போல் இருக்கிறது என்ற வாயில்காப்போனிடம்கூடப் பக்க எண் கேட்டார்கள்.

இந்தச் சமயத்தில் ஏரி விவகாரம் வந்தது. கிழக்கு மதகை அடைத்துவிட வேண்டும் என்றார் அவைப்புலவர் தாண்டவராயர். அடைத்தால் தண்ணீரெல்லாம் மேற்கே பாயும். மேற்கேதான் அவருடைய வயல்கள். கிழக்கே இருந்த ஊர்களின் நெற்பயிர் கருகிப்போகும். 'கூடாது' என்றவர் அமைச்சர் குழைக்காதர் ஒருவரே.

"இருவரும் கட்டுரை எழுதி வாருங்கள். யாருக்கு ஆதாரம் அதிகமோ அவர் சொன்னபடி நடக்கும்" என்றார் ராஜா.

குறித்த நாளில் தாண்டவராயர் வாசித்தார். மதகைப் பற்றி நாலே வரி. மேற்கோள்கள் மட்டும் மதியம்வரை நீண்டன. ராஜா மெய்மறந்து கேட்டார்.

குழைக்காதர் காட்டியது ஒரே ஒரு புத்தகம். அவருடைய கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ஒரு புத்தகத்துக்கே விரலில் கட்டா, அமைச்சரே? படித்துப் பழக்கமில்லை போலிருக்கிறது!" என்றார் தாண்டவராயர். சபை சிரித்தது.

குழைக்காதர் தாண்டவராயருடைய கைகளைப் பார்த்தார். மோதிரங்கள் இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

"புலவர் சொல்வது சரிதான், மகாராஜா. அவருடைய மேற்கோளில் ஒன்றையாவது தங்கள் வாயால் வாசிக்கக் கேட்டால் நானும் ஒத்துக்கொள்வேன்" என்றார்.

"எதை வாசிக்கலாம், புலவரே?"

"'பாசன விளக்கம்', நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம், மகாராஜா. மதகு அடைத்தலைப் பற்றியே ஓர் அத்தியாயம்!"

புத்தகசாலையிலிருந்து புத்தகம் வந்தது. ஊரிலேயே அந்த ஒரு பிரதிதான். ராஜா புரட்டினார். பக்கம் திறக்கவில்லை. இழுத்தார். விரல் நகத்தால் நெம்பினார்.

"என்ன இது, ஒட்டிக்கொண்டிருக்கிறது?"

"ஒட்டவில்லை, மகாராஜா. பெரிய தாளில் அச்சடித்து, மடித்து அப்படியே தைத்துவிடுகிறார்கள். மடிப்பை வெட்டிப் பிரிப்பது படிப்பவர் வேலை. நான் பேனாக்கத்தியால் வெட்டினேன். வழுக்கிவிட்டது" என்று கட்டைவிரலைக் காட்டினார் குழைக்காதர்.

ராஜா தாண்டவராயர் பக்கம் திரும்பினார். "வெட்டாத பக்கத்தை எப்படிப் படித்தீர்?"

"இடுக்கு வழியாக... எட்டிப் பார்த்தேன், மகாராஜா."

"எல்லாப் புத்தகத்தையுமா?"

தாண்டவராயர் தலை கவிழ்ந்தது. "முன்னால் இருக்கும் பொருளடக்கத்தைப் பார்த்து எழுதினேன். அது மட்டும் திறந்திருந்தது."

ராஜா கத்தியை வரவழைத்துத் தாமே மடிப்பை வெட்டினார். உரக்க வாசித்தார்: "'மதகு அடைத்தல். இதைப்போல் மடமை வேறில்லை. ஒரு பக்கத்து மதகை அடைத்தால் வெள்ளக் காலத்தில் கரை உடையும். அடைக்கச் சொன்னவன் வயல்தான் முதலில் மூழ்கும்.'"

முதலில் சிரித்தவர் ராஜாதான். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"கிழக்கு மதகு திறந்தே இருக்கட்டும். அமைச்சருக்கு வெள்ளிப்பிடி போட்ட கத்தி ஒன்று பரிசு. புலவரே, மேற்கோள் காட்டிய புத்தகங்கள் அத்தனையையும் நீரே வெட்டிப் படித்துவிட்டு வாரும். அதுவரை சபைக்கு வர வேண்டாம்."

குழைக்காதர் பரிசை வாங்கிக்கொண்டார். நேரே தாண்டவராயரிடம் போய் அதை நீட்டினார்.

"இப்போதைக்கு இது உங்களுக்குத்தான் வேண்டும், புலவரே." பிறகு மடியிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்துக் கத்தியின்மேல் வைத்தார். "என் கட்டுக்குக் கிழித்ததில் மீதி. இதுவும் இருக்கட்டும்."